செல்லமுத்துவின் கருணை மனு

தில்லியிலிருந்து வந்த கடிதத்தைச் செல்லமுத்து வடக்கனந்தலில் மூன்று பேரிடம் படிக்கக் கொடுத்தான். மூவரும் ஒன்றையே சொன்னார்கள்: "மனுவ நடவடிக்கைக்கு அனுப்பிட்டாங்களாம்."

கரியாலூர் அருவியைப் பார்க்க வேண்டுமென்று அவன் மனைவி பூமாலை ஆறு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். இவனோ கரும்பு வெட்டப் போவதாகச் சொல்லிவிட்டு, கூட்டாளிகளோடு போய்க் குளித்துவிட்டு வந்தான். ஈரத்துண்டு காட்டிக்கொடுத்தது. அன்றே அவள் நைனார்பாளையத்துத் தாய்வீட்டுக்குப் பஸ் ஏறிவிட்டாள்.

நான்கு மாதமாயிற்று. அவள் விட்டுப்போன சீப்பில் சிக்கியிருந்த முடியைக்கூட அவன் எடுக்கவில்லை. நைனார்பாளையம் பஸ் வரும்போதெல்லாம், இறங்குகிறவர்களின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். தூக்குத் தண்டனையையே ஜனாதிபதி மன்னிப்பாராம் என்று டீக்கடையில் கேட்டவுடன், தன்னையும் மன்னிக்கச் சொல்லி அவருக்கு மனு எழுதிப் போட்டுவிட்டான்.

விசாரணைக்குத் தாலுகா ஆபீஸ் ஜீப் போனது நேராக மாமியார் வீட்டுக்கு. தெருவே கூடிவிட்டது.

"வூட்டு விஷயத்த தில்லி வரைக்கும் ஏத்திட்டானா?" என்று மாமியார் கத்தினாளாம்.

பதறிப்போன செல்லமுத்து, முதல் மனுவைக் கிழித்துப் போடச் சொல்லி இரண்டாவது மனு அனுப்பினான். அதை விசாரிக்க இன்னொரு ஜீப் போனது. "இனிமே அவன் இந்தப் பக்கம் வந்தா கால ஒடிப்பேன்" என்று மாமியார் சொல்லியனுப்பினாள்.

கடைசியில் தாலுகா அதிகாரி அவனையே ஆபீசுக்குக் கூப்பிட்டார்.

"கோர்ட் கொடுத்த தண்டனையத்தான்யா ஜனாதிபதி குறைக்க முடியும். உன் பொண்டாட்டி இன்னா கோர்ட்டா?"

"கோர்ட்டுனா மேல அப்பீலு போலாங்க. இவகிட்ட அதுவும் இல்லீங்களே."

"அவரும் தன் இஷ்டத்துக்கு மன்னிக்க முடியாது. மந்திரிசபை சொல்லணும்."

"எங்க மந்திரிசபை மாமியாருதாங்க. அது சொல்லாதுங்க."

அதிகாரிக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டார். செல்லமுத்து கண்ணைத் துடைத்தான். "அவ இல்லாம சோறு எறங்கலீங்க. வேற யாருகிட்ட கேப்பேன்?"

"என்னால ஆவறது ஒண்ணுமில்ல" என்று அதிகாரி பேனாவைத் திறந்தார். 'இதில் ஜனாதிபதிக்கு அதிகாரமில்லை' என்று எழுதி மனுவை முடிக்கப் போனார்.

நைனார்பாளையம் கிராம ஆபீசிலிருந்து காகிதக் கட்டு கொண்டுவந்திருந்த தலையாரி முனியன் பதறி முன்னால் வந்தார்.

"ஐயா, அப்படி மட்டும் எழுதிடாதீங்க. அந்தப் பொண்ணு துணிமணியெல்லாம் மூட்டை கட்டி வெச்சுக்கினு, 'ஜனாதிபதி மன்னிச்சிட்டாரா'ன்னு தெனம் எங்க ஆபீசுக்கு வந்து கேட்டுக்கினு போவுதுங்க!"