தங்கள் காரின் இடதுபக்கக் கண்ணாடி குறித்து

மதிப்பும் பிரியமும் மிக்க மச்சான் அவர்களுக்கு,

தங்கள் தங்கை கணவன் எழுதிக்கொள்வது. இங்கு நானும் உங்கள் தங்கச்சியும் சுகம். அங்கு உங்கள் புது முழங்கால் ஒழுங்காக மடங்குகிறதா, மாடிப்படி ஏற விடுகிறார்களா, அக்காவை அதட்டுகிற அளவுக்குத் தெம்பு வந்துவிட்டதா என்று அறிய ஆவல். தங்கள் காரும் சுகம். இடதுபக்கக் கண்ணாடி, பின்பக்க பம்பர் இரண்டையும் தவிர மற்றதெல்லாம் ஆபரேஷனுக்குக் கிளம்பும்போது நீங்கள் விட்டுப்போனபடியே இருக்கிறது. இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் நீங்கள் "வண்டி எப்படி இருக்கு?" என்று கேட்கும்போதெல்லாம் எனக்கு இருமல் வந்துவிடுகிறது. என்மேல் உங்களுக்கு எப்போதுமே பெரிய அபிப்பிராயம் இருந்ததில்லை, ஆகவே இந்தக் கடிதம் பெரிய அதிர்ச்சி எதையும் தராது என்ற தைரியத்தில்தான் எழுதுகிறேன்.

குற்றம் முழுக்க என்னுடையது. முப்பது வருஷமாக மூக்குக்கண்ணாடிக் கடை வைத்து அடுத்தவர் கண்ணுக்கெல்லாம் லென்ஸ் மாட்டியவனுக்கு, போன வருஷம் தனக்கென்று ஒரு லென்ஸ் வாங்கும் ஆசை வந்தது. கேமரா வாங்கினால் அதோடு முடிந்தது என்று நினைத்தேன். சட்டை வாங்கினால் கை தனி, காலர் தனி, பொத்தான் தனி என்கிற மாதிரியான வியாபாரம் அது என்று பிறகுதான் தெரிந்தது. கேமராவுக்கு லென்ஸ் தனி. அதிலும் கிட்டத்தில் இருப்பதற்கு ஒன்று, தூரத்தில் இருப்பதற்கு ஒன்று. என் கடையில் இரண்டையும் ஒரே கண்ணாடியில் வைத்துக் கொடுத்துவிடுவோம், இவர்களுக்கு அந்தச் சாமர்த்தியம் இல்லை. வெயில் பளபளப்பை எடுக்க லென்ஸுக்கு முன்னால் இன்னொரு கண்ணாடி. மூன்று கால் ஸ்டாண்டு, அந்த ஸ்டாண்டுக்குத் தலை தனி. கடைசியாக, லென்ஸில் பூஞ்சை பிடிக்காமல் இருக்க ஈரத்தை அளந்து காட்டும் மின்சாரப் பெட்டி ஒன்று. பீரோவிலிருந்து உங்கள் தங்கச்சியின் புடவைகள் இறங்க, அந்தப் பெட்டி ஏறியது. எங்கள் படுக்கையறைச் சுவர் மழையில் ஊறிப் பெயர்ந்துகொண்டிருக்கிறது. லென்ஸ்கள் மட்டும் வறண்ட காற்றில் சுகவாசம் செய்கின்றன.

இத்தனையும் வாங்கிய பிறகு எதைப் படம் எடுப்பது என்ற கேள்வி வந்தது. பறவை பறந்துவிடுகிறது. சொந்தக்காரர்கள் "கொஞ்சம் ஒல்லியா எடு" என்கிறார்கள். கார்தான் நின்ற இடத்தில் நிற்கும், எடுத்த படத்தைக் குறை சொல்லாது. முதலில் தெருக்கோடி பல் டாக்டரின் சிவப்புக் காரை எடுத்தோம். எடுத்தேன். சக்கரம் கம்பீரமாகத் தெரிய வேண்டுமானால் தரையோடு தரையாகப் படுத்துதான் எடுக்க வேண்டுமாம். ரோட்டில் காருக்கு முன்னால் ஆள் கிடப்பதைக் கண்ட டாக்டர், யாரோ அடிபட்டுக் கிடப்பதாக நினைத்து, வாயைத் திறந்து வைத்திருந்த நோயாளியை அப்படியே விட்டுவிட்டு ஓடி வந்தார். அதிலிருந்து அவர் காரை உள்ளே நிறுத்தி கேட்டைப் பூட்டிவிடுகிறார்.

அப்போதுதான் எங்கள் வீட்டு ஷெட்டில் உறை போர்த்தித் தூங்கும் தங்கள் கார்மேல் கண் போனது. "வாரம் ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணி வைங்க, போதும்" என்றுதான் சொன்னீர்கள், மறக்கவில்லை. ஆனால் ஸ்டார்ட் பண்ணிய வண்டியை உடனே அணைப்பது அதை அவமானப்படுத்துவது போலிருந்தது. பழைய கிடங்கு ஒன்றின் பின்னால் கொண்டுபோய் நிறுத்தினோம். கார் தண்ணீரில் தலைகீழாகத் தெரிந்தால் அழகு என்பதால் சுற்றிலும் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினோம். நிழல் நன்றாகத்தான் விழுந்தது, பின்சக்கரங்களும் நன்றாகத்தான் புதைந்தன. வழியே போன குப்பை லாரிக்காரர் நல்ல மனுஷர், கயிறு கட்டி இழுத்தார். லாரி போனது, பம்பரும் கூடவே போனது, கார் மட்டும் வரவில்லை.

இதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் ஓடுகிற காரை எடுத்தால்தான் எடுத்த மாதிரியாம். அதற்கு இரண்டு வண்டி வேண்டும். முன்னால் எங்கள் பழைய வண்டி, உங்கள் தங்கச்சி ஓட்ட, திறந்த டிக்கியில் கயிற்றால் கட்டிக்கொண்டு கேமராவோடு நான். பின்னால் ஒட்டினாற்போல் தங்கள் கார். அதை ஓட்டியவர் டிரைவிங் ஸ்கூல் வாத்தியார். இருபதுக்கு மேல் போனதே இல்லை என்பதால் பெயரே "இருபது" ஆகிவிட்டது. அன்று பதினெட்டில் வந்தார். "இன்னும் கிட்ட வா! இன்னும் கிட்ட!" என்று டிக்கியிலிருந்து கத்திக்கொண்டே திருப்பத்தில் திரும்பினால், இரும்புத் தடுப்பு வைத்துக்கொண்டு போலீஸ் நிற்கிறது. போலீஸைக் கண்டதும் "இருபது" ஆயுளில் முதல்முறையாக அவசரப்பட்டார். இடதுபக்கக் கண்ணாடி அந்தத் தடுப்பில் இடித்துப் போனதுதான்.

போலீஸ்காரர் டிக்கிக்குள் குனிந்தார்.

"யாரு உங்களக் கட்டிப் போட்டது?"

"நான்தான் கட்டச் சொன்னேன்."

"யார்கிட்ட?"

"வீட்டுக்காரங்ககிட்ட."

அவர் ஸ்டீயரிங் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டுக் குரலைத் தணித்துக்கொண்டார். "பயப்படாதீங்க. நாங்க இருக்கோம். ரொம்ப நாளா இப்படித்தானா?"

எவ்வளவு சொல்லியும் எடுபடவில்லை. முன்வண்டி ஓட்டியவரை ஸ்டேஷனில் இரண்டு மணி நேரம் பெஞ்சில் உட்கார வைத்தார்கள். அந்த பெஞ்சுக்கு ஒரு கால் குட்டை, சாய்ந்தால் ஆடும், ஆடினால் ஏட்டு முறைப்பார். கடைசியில் கேமராவில் இருந்த நானூற்றுப் பன்னிரண்டு படத்தையும் பார்த்த பிறகுதான் விட்டார்கள். அதில் ஒன்றே ஒன்று தேறியது. அதில் சக்கரம் சுழல்கிறது, ரோடு கரைந்து ஓடுகிறது, தங்கள் கார் நூற்றிருபதில் பறப்பது போல் இருக்கிறது. உள்ளே "இருபது" மட்டும் ஆபரேஷனுக்குப் போகிறவர் முகத்தோடு உட்கார்ந்திருக்கிறார்.

பம்பர் மாட்டியாயிற்று. கண்ணாடி செவ்வாய்க்கிழமை வந்துவிடும். இனி அந்தக் கேமராவை என் கையால் தொடமாட்டேன் என்று சத்தியம் செய்கிறேன். உங்கள் தங்கச்சிக்கு இதில் எந்தப் பங்கும் இல்லை, பாவம், அவளை ஒரு வார்த்தை கேட்டுவிடாதீர்கள். அக்காவுக்கு என் வணக்கம், பேரப்பிள்ளைகளுக்கு ஆசிகள். முழங்கால் சீக்கிரம் குணமாகட்டும். அது குணமாவதற்குள் கோபமும் ஆறிவிடட்டும்.

இப்படிக்கு,
தாங்கள் எதிர்பார்த்தபடியே நடந்துகொண்ட,
தங்கை கணவன்

பி.கு.: அண்ணா, இது நான். கவரை ஒட்டி வைன்னு கையில குடுத்துட்டு ஸ்டாம்ப் வாங்கப் போயிருக்காரு. படிச்சுப் பாத்தேன். பம்பர், கண்ணாடி எல்லாம் சரியாத்தான் எழுதியிருக்காரு, ஆளத்தான் மாத்திட்டாரு. கேமரா என்னோடது, என் சம்பளத்துல வாங்கினது. ரோட்டுல படுத்தது நான், டிக்கில கட்டிக்கிட்டு உக்காந்ததும் நான். போலீஸ்காரர் "பயப்படாதீங்கம்மா, புருஷன் குடிப்பாரா?"ன்னு கேட்டது என்னைய. பெஞ்சுல உக்காந்தது இவரு. நான் உண்மையச் சொல்லச் சொல்ல, பாவம் பயத்துல புருஷனக் காப்பாத்துதுன்னு அவங்க முடிவே பண்ணிட்டாங்க. நீ என்னைத் திட்டுவியேன்னு இப்ப மறுபடியும் எல்லாத்தையும் தன் தலையில போட்டுக்கிட்டாரு. திட்டுறதா இருந்தா என்னையே திட்டு.

அப்புறம், சனிக்கிழமை ஊருக்குத் திரும்பறப்ப ரயில விட்டு இறங்கி டாக்ஸி பிடிச்சுடாதே. உன் கார "இருபது" கொண்டுட்டு வருவாரு, நீ முன் சீட்டுல ஏறிக்கோ. வெள்ளைச் சட்டையா போட்டுக்கோ. முன்னாடி போற வண்டி டிக்கில நான் இருப்பேன், கை கிய் ஆட்டாதே. நேரா ரோட்டையே பாரு. சிரிக்கக் கூடாது. அது உனக்கு நல்லாவே வரும்.