பஞ்சுவுக்கு மரியாதை கிடையாது

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். இங்கு நானும் என் மனைவியும் நலம். அங்கு தாங்களும் தங்கள் துணைவியாரும் நலம் என்று நம்பி, முறைப்படி எல்லாம் விசாரித்தாகிவிட்டது என்று வைத்துக்கொண்டு நேரே விஷயத்துக்கு வருகிறேன். தங்கள் கடிதம் கிடைத்தது. நாய் எனக்கு அடங்கவில்லை என்று தங்கள் மகள் போனில் சொன்னாளாம், ஞாயிற்றுக்கிழமை வண்டியோடு வந்து பஞ்சுவை அழைத்துப்போகிறீர்களாம். முடியாது. பெண்ணைக் கொடுத்தீர்கள், பெண்ணோடு நாயையும் சேர்த்துக் கொடுத்தீர்கள். வேலை மாற்றலாகி, நாய் வளர்க்க விடாத அடுக்குமாடிக்கு பிள்ளைகள் இருவரும் போனபோது, "அப்பா பாத்துக்குவாரு" என்று என் மகன் கயிற்றை என் கையில்தான் கொடுத்தான், தங்கள் கையில் அல்ல.

அடங்கவில்லை என்பது வாஸ்தவம். பள்ளிக்கூடத்து டிரில் மாஸ்டராக ஓய்வு பெற்றவன் நான். நான் "நேர் நில்" என்று ஒரு சத்தம் போட்டால் மைதானத்துப் பையன்கள் மட்டுமல்ல, அந்தப் பக்கம் சும்மா போன கணக்கு வாத்தியாரும் விறைத்து நின்றிருக்கிறார். அதே குரலில் "பஞ்சு, இங்க வா" என்றால், இந்த வெள்ளைச் சீமாட்டி சுருட்டை வாலை முதுகின்மேல் போட்டுக்கொண்டு கொய்யா மரத்தடியிலிருந்து என்னை ஒரு பார்வை பார்க்கிறது, அப்புறம் முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. காது மந்தமோ என்று நாய் டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போனேன். அவர் காதுக்குள் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, "காது அருமையா இருக்கு மாஸ்டர். ஸ்பிட்ஸ் ஜாதியே இப்படித்தான். நல்லாக் கேக்கும், யோசிக்கும், அப்புறம் இஷ்டமிருந்தா வரும்" என்றார். சரி, இந்த வெயிலுக்கு மொட்டையாவது அடித்துவிடலாமா என்று கேட்டேன். "ஐயையோ, கத்திரியையே எடுத்துடாதீங்க! ரெண்டு அடுக்கு முடி அது. வெயிலையும் அதுதான் தாங்குது. தினமும் சீவி விடுங்க, போதும்" என்றார். சீவுகிறேன், சம்பந்தி. சீவச் சீவ வந்துகொண்டே இருக்கிறது. சட்டையில் முடி, போர்வையில் முடி, மூக்குக்கண்ணாடியில் முடி, நேற்று காபியில் மிதந்ததை ஆடை என்று நினைத்துக் குடித்தும்விட்டேன்.

அடங்காததன் ரகசியம் இன்சூரன்ஸ்காரர் வந்த அன்றுதான் வெளிப்பட்டது. காலையிலிருந்து தொண்டை கிழியக் கூப்பிட்டும் வெயிலை விட்டு உள்ளே வராத நாய், அவர் கேட்டைத் திறந்ததும் ஊரையே எழுப்புவதுபோல் குரைத்தது. என் மனைவி வாசலுக்கு வந்து அவரிடம், "வாங்க, உள்ள வாங்க, உக்காருங்க" என்றாள். நாய் குரைப்பதை நிறுத்தியது. அவருக்கு முன்னால் உள்ளே வந்தது. நல்ல நாற்காலியாகப் பார்த்து ஏறி உட்கார்ந்தது. "அப்ப நான் எங்கம்மா உக்கார்றது?" என்று அந்த மனிதர் பையோடு நிற்கிறார்! என் மனைவிக்கு உடனே புரிந்துவிட்டது. "சம்பந்தி ஜவுளிக்கடை வாசல்ல நின்னு நாள் முழுக்க 'வாங்க, உக்காருங்க, பாருங்க'ங்கறவரு. அங்கயே வளந்ததுங்க இது. மரியாதையாச் சொன்னாத்தான் இதுக்குப் புரியும்" என்றாள். தங்களுக்குப் போன் போட்டேன். தாங்கள் சிரித்துக்கொண்டே, "நாங்க அதை வா போன்னு சொன்னதே இல்ல சம்பந்தி. நீங்களும் மரியாதையாக் கூப்பிட்டுப் பாருங்களேன்" என்றீர்கள். அப்போது லைன் கட்டாகவில்லை. நான்தான் வைத்தேன்.

நான் மரியாதை தெரியாதவன் அல்ல. தங்களை நீங்கள் என்கிறேன், பெண் கொடுத்தவர் என்பதால். தலைமையாசிரியரை நீங்கள் என்றேன், சம்பளத்துக்காக. நாயை எதற்காக? பெற்ற பிள்ளையையே டேய் என்று கூப்பிட்டு வளர்த்தவன், வாலை ஆட்டுகிற ஒன்றிடம் போய், "சாப்பிட்டீங்களா, தூங்கினீங்களா" என்று கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டுமா? இதை என் மனைவியிடம் கேட்டால், "ஏய்னா எழுந்து ஓடி வர்றதுக்கு அது என்ன நானா?" என்கிறாள். அன்று முழுக்க நாயிடம் மட்டும், "வாங்கம்மா, குடிங்கம்மா" என்று எனக்குக் கேட்கிறமாதிரி ஒரே உபசாரம்.

இவ்வளவு அவஸ்தை எதுக்கு, குடுத்துத் தொலைக்க வேண்டியதுதானே என்று தாங்கள் கேட்கலாம். என் மகன் போனதிலிருந்து இந்த வீட்டில் என்னை எதிர்த்துப் பேச ஆளில்லை, சம்பந்தி. அவன் இருந்தவரை காலையில் ஒரு சண்டை, ராத்திரி ஒரு சண்டை, வீடு வீடாக இருந்தது. இப்போது நான் ஒன்று சொன்னால் இது திருப்பி ஒன்று சொல்கிறது. நான் அதட்டினால் "வள்" என்கிறது, இன்னும் அதட்டினால் கழுத்தை நீட்டி ஒரு ஊளை விடுகிறது. காலையில் சீப்பை எடுத்தால் மட்டும் யாரும் கூப்பிடாமல் தானே வந்து என் காலில் சாய்ந்துகொள்கிறது. அந்த நேரத்தில் நான் எதுவும் சொல்வதில்லை, அதுவும் எதுவும் சொல்வதில்லை. எனக்கு அது வேண்டும். வெட்கமில்லாமல் எழுதுகிறேன், வேண்டும்.

ஆகவே இரண்டையும் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். நாயை அனுப்ப மாட்டேன். 'வாங்க' என்கிற அந்த வார்த்தையையும் அதனிடம் என் வாயால் சொல்ல மாட்டேன். தலைகீழாக நின்றாலும் சரி, ஞாயிற்றுக்கிழமை தாங்கள் வண்டியை என் வாசலில் குறுக்கே நிறுத்தினாலும் சரி.

தங்கள் துணைவியாருக்கு எங்கள் வணக்கம். தங்கள் கடையில் கூட்டம் அலைமோதட்டும். நம் பிள்ளைகள் இருவரும் சண்டையும் சமாதானமுமாக நெடுநாள் வாழட்டும்.

இப்படிக்கு,
தங்கள் அன்பும் பிடிவாதமும் மாறாத,
சம்பந்தி

பின்குறிப்பு: இதைத் தபாலில் போடப் போனவன் போடாமலே திரும்பி வந்து எழுதுகிறேன். கேட்டைச் சாத்தாமல் போயிருக்கிறேன், பஞ்சு என் பின்னாலேயே வந்து நடுத்தெருவில் நின்றுவிட்டது. அதைப் பார்க்காமல் தண்ணீர் லாரி பின்பக்கமாக வந்துகொண்டிருக்கிறது. "வா!" என்றேன், வரவில்லை. "ஓடு!" என்றேன், என்னைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது. அப்புறம் என்ன கத்தினேன் என்று எனக்கே தெரியாது. தெருவுக்கே தெரியும். "பஞ்சு, வாங்க! பஞ்சு, வாங்க!" மைதானத்துக் குரல்தான், குறையவில்லை. ஒரே ஓட்டமாக ஓடி வந்து என்மேல் ஏறிவிட்டது, சம்பந்தி. நடுத்தெருவில் அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன், எதிர்வீட்டு மாடியிலிருந்து ஒரு அம்மா கயிற்றில் கூடையை இறக்குகிறார். "மாஸ்டர், இந்த வியாபாரம் எப்பலேர்ந்து? பஞ்சு கிலோ என்ன விலை?"

"இது விக்கறதுக்கு இல்லைங்க" என்றேன்.

தங்கள் கடிதத்துக்கும் அதுதான் பதில்ங்க.