உருளைக்கிழங்குக்கு உயிரோட்டம்

அந்த ஊரில் தழும்பு இல்லாதவர் தலைகுனிந்து நடந்த காலம் ஒன்று உண்டு. மொத்தம் ஐந்து மாதம்.

அதற்கு முன்பு தழும்பு என்றால் மறைக்க வேண்டிய சமாச்சாரம். முழுக்கைச் சட்டை போட்டு மறைத்தார்கள், முடியை நெற்றியில் இறக்கிவிட்டு மறைத்தார்கள். மூடிப்போன செருப்புக் கடையில் தழும்பு டாக்டர் வந்து இறங்கியதும் எல்லாம் தலைகீழ். பஸ் நிறுத்தத்தில் முன்பின் தெரியாத இருவர் சந்தித்தால் ஒருவர் கால்சட்டையைச் சுருட்டி முழங்காலைக் காட்டினார். மற்றவர் தாடையைத் தூக்கிக் காட்டினார். ஏழாம் வகுப்பில் சைக்கிளிலிருந்து விழுந்ததுதான் இப்போது நெஞ்செரிச்சலாக வருகிறது என்று முதலாமவர் சொல்ல, தன் மாமியாரோடு ஒத்துப்போகாததற்குத் தாடைதான் காரணம் என்று மற்றவர் சொன்னார். பஸ் போனது தெரியாமல் பேசிக்கொண்டிருந்தார்கள்.

டாக்டரின் கொள்கை எளிமையானது. உடம்பு ஓர் ஓடை. அதில் உயிரோட்டம் ஓடுகிறது. தழும்பு அதில் விழுந்த அணை. அணைக்கு மேலே தேங்கினால் சர்க்கரை, ரத்தக்கொதிப்பு, முன்கோபம். அணைக்குக் கீழே வறண்டால் மூட்டுவலி, முடி கொட்டுதல், வேலை கிடைக்காமை. அணையை உடைத்தால் எல்லாம் சரி. எந்தக் கல்லூரியில் படித்தீர்கள் என்று ஒருவர் கேட்டதற்கு, "உடம்புதான் என் கல்லூரி" என்றார். யாருடைய உடம்பு என்று அவர் மேற்கொண்டு கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவருக்கு இடுப்புவலி. ஆனால் பாவம், உடம்பில் ஒரு கீறல் கிடையாது. நாய்கூட அவரைக் கடித்ததில்லை. வரிசையில் கூச்சத்தோடு நின்று, முறை வந்ததும் உண்மையை ஒப்புக்கொண்டார். டாக்டர் புன்னகைத்துச் சட்டையைத் தூக்கச் சொன்னார். தொப்புளைத் தொட்டுக் காட்டினார்.

"இதுதாங்க மனுஷனோட முதல் தழும்பு. மத்ததுக்கெல்லாம் இதுதான் தாய்."

தபால்காரர் பரீட்சையில் பாசான முகத்தோடு வெளியே வந்தார். அன்றிலிருந்து கூட்டம் இரண்டு மடங்கு. தொப்புள் இல்லாத ஆள் ஊரில் ஏது?

செருப்புக் கடையை டாக்டர் பெரிதாக மாற்றவில்லை. சுவரோரத் தட்டுகளில் நோயாளிகள் செருப்பைக் கழற்றி வைத்தார்கள். சரிந்த பலகை வைத்த குட்டை முக்காலியில் டாக்டர் உட்கார்ந்தார். புதுச் செருப்பைக் காலில் போட்டுப் பார்க்கத் தரையோடு சாய்த்து வைத்திருந்த கண்ணாடிகளும் அப்படியே இருந்தன. மேசைமேல் புதிதாக வந்தது ஒன்றே ஒன்று. ஒரு பெட்டி, அதில் ஓர் ஊசி, இரண்டு கம்பிகள். பெயர் உயிரோட்டமானி. நல்ல தோலில் கம்பிகளை வைத்தால் ஊசி ஏறும். தழும்பில் வைத்தால் படுத்துவிடும். தழும்பில் 'திறப்பு நீர்' தடவி மறுபடி வைத்தால், படுத்த ஊசி பாய்ந்து எழும். பார்க்கிறவர்களுக்குப் புல்லரிக்கும்.

இதைக் கண்டு புல்லரித்தவர்களில் முதல் வரிசை, தகரப் பட்டறைக்காரரின் அக்கா. பித்தப்பையை எடுத்த தழும்புக்காரி. சாமான்ய ஆள் இல்லை. ஆறு முட்டை வாங்கினால் ஆறையும் வெளிச்சத்துக்கு நேரே தூக்கி, ஒரு கண்ணை மூடி, காதருகே ஆட்டிப் பார்த்துவிட்டுத்தான் பைக்குள் விடுவாள். கடைக்காரர் அவளைக் கண்டாலே பெருமூச்சு விடுவார். அவளே போய், அவளே நம்பி, தம்பியையும் கையோடு கூட்டிப்போனாள்.

தம்பிக்கு எட்டு வருடமாகச் சர்க்கரை. இடது முன்கையில் தகரம் கிழித்த நீளத் தழும்பு. டாக்டர் ஊசியைக் காட்டினார், தழும்பைக் காட்டினார், எட்டு வருடத்தையும் இரண்டு விரல்கடைத் தோலுக்குள் அடக்கிக் காட்டினார். மாத்திரை என்பது அணைக்கு மேல் கட்டிய இன்னொரு அணை என்றார். பட்டறைக்காரர் வீட்டில் யாரிடமும் சொல்லாமல் மாத்திரையை நிறுத்தினார்.

அவர் மனைவிக்கு இது தெரிந்தது ஏழு வாரம் கழித்து. பட்டறையில் ஆணி போட்டுவைக்கும் டப்பாவில் பிரிக்காத மாத்திரை அட்டைகள் கிடந்தன.

மனைவி வேலை செய்தது இஸ்திரிப் பெட்டி செய்யும் தொழிற்சாலையில், சோதனைப் பிரிவில். ஒரு நாளைக்கு நானூறு பெட்டிகளில் இரண்டு கம்பிகளை வைத்து ஊசியைப் பார்ப்பது வேலை. பதினோரு வருடமாக அதே வேலை. கணவர் அவளிடம் போய் ஊசியைப் பற்றிப் பேசியதுதான் வேடிக்கை.

"நான் என் கண்ணால பாத்தேம்மா. படுத்த ஊசி எந்திரிச்சுது."

"ஊசியை நான் தினம் பாக்குறேங்க. அது எதுக்கு எந்திரிக்கும், எதுக்குப் படுக்கும்னு எனக்குத் தெரியாதா?"

"அது இஸ்திரிப் பெட்டி. இது உயிரு."

இதற்கு மேல் பேச்சு ஏறவில்லை. டாக்டர் ஊசியை ஆட்டிக் காட்டும் ஞாயிற்றுக்கிழமை காட்சிக்கு அவளும் கூடப் போனாள். நாத்தனாருக்குப் பெருமை தாங்கவில்லை. வழி நெடுக, "வந்து பாத்தா நீயே சொல்லுவ" என்று சொல்லிக்கொண்டே வந்தாள்.

செருப்பைத் தட்டில் வைத்தார்கள். கணவர் காலுறையையும் கழற்ற வேண்டியிருந்தது. கொஞ்ச நாளாக அவர் வீட்டில்கூடக் காலுறையோடு திரிந்தது ஏன் என்று அப்போதுதான் புரிந்தது. தரைக் கண்ணாடியில் அவருடைய வலது கால் தெரிந்தது. இரண்டாம் விரலின் நுனியில் புண். ஓரம் கறுத்திருந்தது. அவர் கண்ணாடியைப் பார்க்கவில்லை. கூட்டத்தோடு சேர்ந்து ஊசியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மனைவி அன்று இரண்டு விஷயங்களைப் பார்த்தாள். ஒன்று, அந்த விரல். இன்னொன்று, டாக்டரின் கைகள்.

மறுநாள் அரைநாள் விடுப்பு எடுத்து ஆஸ்பத்திரிக்குப் போனாள். புண்ணுக்குக் கட்டுப் போடும் பிரிவில் இருந்த நர்ஸ் நேரில் பார்க்காமல் எதுவும் உறுதியாகச் சொல்ல முடியாது என்றாள். சொன்னவரைக்கும் கேட்டுவிட்டு, "சீக்கிரம் கூட்டிட்டு வாங்கக்கா. நாள் தள்ளினா விரலோட நிக்காது" என்றாள். தழும்பைப் பற்றியும் கேட்டதற்கு, தழும்பு அரிக்கும், இழுக்கும், சிலருக்கு வலிக்கும், மடக்க விடாது, அதற்கெல்லாம் இங்கேயே வைத்தியம் உண்டு என்றாள். கைத் தழும்பு சர்க்கரையை ஏற்றிய கதையை மட்டும் அவள் கேள்விப்பட்டதில்லை.

வீட்டுக்கு வந்து கெஞ்சினாள், சண்டை போட்டாள். அவர் அசையவில்லை. புண் என்பது தேங்கியிருந்த கழிவு வெளியேறும் வழி என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அணையைத் திறக்கும் வைத்தியத்தில் இன்னும் மூன்று திறப்புகள் பாக்கி. அதை முடித்துவிட்டுத்தான் எங்கேயும் வருவார். ஆக, காலைக் காப்பாற்ற வேண்டுமானால் முதலில் ஊசியைக் கவிழ்க்க வேண்டும்.

புதன்கிழமை அடுத்த காட்சி. கடை நிறையக் கூட்டம். டாக்டர் எழுந்து நின்று வழக்கமான சவாலை விட்டார்.

"சந்தேகப்படறவங்க யாராச்சும் முன்னால வாங்க. கம்பி என் கையில இருக்கக் கூடாது, உங்க கையில இருக்கட்டும். ஊசியை நான் தொடவே போறதில்ல. அப்புறம் எப்படிங்க ஏமாத்த முடியும்?"

மற்ற நாட்களில் யாராவது ஒருவர் கூச்சத்தோடு போய்க் கம்பியைப் பிடிப்பார், பரவசத்தோடு திரும்புவார். அன்று பட்டறைக்காரர் மனைவி கை தூக்கினாள். மடியில் சாப்பாட்டுப் பை. நாத்தனார் பக்கத்தில் இருந்தவளிடம், "எங்க தம்பி வீட்டுக்காரிதான்" என்றாள்.

கணவரே நோயாளி. டாக்டர் அவர் கைத் தழும்பில் பவுடரை ஒத்தினார். வியர்வை எடுக்கவாம். அவள் கம்பிகளை வைத்தாள். ஊசி படுத்தது. உள்ளங்கையில் வைத்தாள். ஊசி ஏறியது. கூட்டம் பெருமூச்சு விட்டது. டாக்டர் தழும்பில் திறப்பு நீரைத் தடவினார். அவள் கம்பிகளை வைத்தாள். ஊசி பாய்ந்து எழுந்தது. கைதட்டல்.

கைதட்டல் ஓயும்வரை அவள் காத்திருந்தாள். பிறகு பவுடர் டப்பாவை எடுத்தாள்.

"டாக்டர், நான் ஒரு தடவை பண்ணிப் பாக்கட்டுமா?"

டாக்டர் சிரித்தார். கூட்டத்துக்கு முன்னால் வேறென்ன செய்வார்?

அவள் கணவரின் உள்ளங்கையைத் துடைத்துப் பவுடர் ஒத்தினாள். சற்றுமுன் ஊசி ஏறிய அதே இடம். கம்பிகளை வைத்தாள். ஊசி படுத்துவிட்டது.

"இங்க தழும்பே இல்லையே. யாரு வந்து அணை கட்டினா?"

"உங்க கையில ஓட்டம் கம்மிம்மா. அது அவருக்கும் ஒட்டிக்கிச்சு."

"சரி, அப்ப என்னையும் விட்டுருங்க, அவரையும் விட்டுருங்க" என்று பையைத் திறந்து ஓர் உருளைக்கிழங்கை எடுத்து மேசைமேல் வைத்தாள். பின்னால் யாரோ சிரித்தார். கிழங்குக்குப் பவுடர் ஒத்தினாள். ஊசி படுத்தது. திறப்பு நீர் தடவினாள். பட்டறைக்காரருக்கு ஏறியதைவிட அதிகமாகவே ஏறியது.

"கிழங்கு குணமாயிடுச்சு டாக்டர். அதுக்கு எத்தனை திறப்பு எழுதப் போறீங்க?"

தொழில் தெரிந்தவர் அவ்வளவு சுலபத்தில் விழமாட்டார். டாக்டர் குரலைத் தாழ்த்தி, உருளைக்கிழங்குக்கும் உயிர் உண்டு, உயிர் இருக்கும் இடத்தில் ஓட்டம் உண்டு என்று தொடங்கினார். முன்வரிசையில் நாலைந்து தலைகள் ஆடவும் செய்தன. இன்னும் இரண்டு நிமிடம் கொடுத்திருந்தால் கிழங்கின் முற்பிறவிவரை போயிருப்பார்.

அவள் கொடுக்கவில்லை. தட்டின் மேலே தூசியோடு கிடந்த பழைய செருப்புப் பெட்டியின் மூடியை எடுத்தாள். வெறும் அட்டை. கம்பிகளை வைத்தாள். ஊசி அசையவில்லை. திறப்பு நீரைத் தாராளமாக ஊற்றினாள். ஊசி எழுந்து நின்றது.

விரல் நுனியில் இருந்த திறப்பு நீரை நாக்கில் வைத்துப் பார்த்தாள்.

"உப்புத் தண்ணி" என்றாள். அதன்பிறகு கூட்டத்தைப் பார்த்துப் பேசவில்லை. கணவரைப் பார்த்துத்தான் பேசினாள்.

"எங்க கம்பெனியில வேலைக்குச் சேந்த அன்னிக்கே சொல்லிக் குடுப்பாங்க. ஈரக் கையோட கம்பியைத் தொட்டா ஊசி பொய் சொல்லும், கையைத் துடைச்சுக்கோ, பவுடர் போட்டுக்கோன்னு. சுவத்துலகூட எழுதி வச்சிருக்கு. ஈரம் இருந்தா ஏறும், காஞ்சா படுக்கும். அவ்வளவுதாங்க இந்தப் பெட்டிக்குத் தெரியும். கம்பியை உங்க கையில குடுத்துட்டு, பவுடரையும் தண்ணியையும் அவர் கையில வச்சிருந்தாரு."

தபால்காரர் மெதுவாக எழுந்தார்.

"அப்ப என் தொப்புளு?"

அவர் சட்டையைக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டார்.

டாக்டர் அவநம்பிக்கை நிறைந்த இடத்தில் உயிரோட்டம் நிற்காது என்று ஏதோ சொன்னார். அதற்குள் எல்லோரும் தட்டுகளில் செருப்பைத் தேட ஆரம்பித்தார்கள். அந்த நெரிசலில் செருப்பைத் தேடாதவர் டாக்டர் ஒருவர்தான். பின்வாசல் வழியாக வெறுங்காலோடு போய்விட்டார். உயிரோட்டமானி மேசையில் அநாதையாகக் கிடந்தது. பக்கத்தில் பூரண குணமடைந்த உருளைக்கிழங்கு.

பட்டறைக்காரர் மட்டும் எழுந்திருக்கவில்லை. உள்ளங்கையில் ஒட்டியிருந்த பவுடரை வெகுநேரம் பார்த்தார். பிறகு இத்தனை வாரத்தில் முதல் தடவையாகத் தரைக் கண்ணாடியைப் பார்த்தார். நர்ஸ் சொன்னதையெல்லாம் அவள் ஏற்கெனவே சொல்லியிருந்தாள். அதனால் இப்போது தட்டிலிருந்து அவருடைய செருப்பை எடுத்துவந்து காலருகே வைத்தாள்.

"ஏம்மா," என்றார் கடைசியில், "ஆட்டோ கூப்பிடு."

கால் தப்பியது. விரல் தப்பவில்லை. மாத்திரையோடு கொஞ்ச நாள் ஊசியும் போட வேண்டியிருந்தது. படுக்காமல், எழாமல், குத்த மட்டும் தெரிந்த நல்ல ஊசி. புண் ஆறி, விரல் இருந்த இடத்தில் ரோஜா நிறத்தில் தழும்பு விழுந்தது.

ஊர் திருந்திவிட்டது என்று நினைக்கிறவர்கள் ஊரைத் தெரியாதவர்கள். பட்டறைக்காரரின் அக்கா ஒரு மாதம் வாயைத் திறக்கவில்லை. அடுத்த மாதம் தம்பி வீட்டுக்கு வந்தவள், கையில் முட்டைப் பையோடு, பக்கத்து ஊரில் ஒருவர் காதுமடல் மடிப்பைப் பார்த்தே எல்லாம் சொல்கிறாராம் என்று ஆரம்பித்தாள். பெட்டி, ஊசி எதுவும் கிடையாதாம், வெறும் கைதானாம்.

பட்டறைக்காரர் காலைத் தூக்கி ஸ்டூலின்மேல் வைத்தார்.

"அக்கா, ஒரு தழும்பு ஆளையே கெடுக்கும்னு அந்தத் தழும்பு டாக்டர் சொன்னது நிஜந்தான். இந்தா, இதுதான் அது. அவரே போட்டது."

அக்கா அதைப் பார்த்தாள். பார்த்துவிட்டு முட்டைப் பையை மடியில் இறக்கி வைத்தாள். வாங்கும்போது ஆறையும் ஆட்டிப் பார்த்திருந்தாள். ஒன்றுகூட அழுகல் இல்லை.

முட்டையை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பார்க்கத் தெரிந்த நமக்கு, உடம்பை ஒருவன் கையில் கொடுக்கும்போது மட்டும் கண் ஏன் இருட்டிக்கொண்டு வருகிறது? அந்த ஆளையும் ஒரு தடவை ஆட்டித்தான் பாருங்களேன். உள்ளே இருப்பது கருவா கூழா என்று சத்தமே சொல்லிவிடும்.