மரத்தின் சாபமும் ஆறிப்போன கப்பையும்

அந்த வருஷம் கொச்சி மட்டாஞ்சேரியில் மிளகு விலையைப் பற்றிக்கூட யாரும் பேசவில்லை. பேச்செல்லாம் விருட்ச சுவாமியைப் பற்றித்தான். யூதர் தெருவான ஜூ டவுனுக்குப் பின்னால் காலியாய்க் கிடந்த சுக்குக் கிட்டங்கியில் அவர் எழுந்தருளியிருந்தார். வெள்ளிக்கிழமை என்றால் வரிசை படகுத்துறை வரை நீளும்.

அணை கட்டச் சைலன்ட் வேலிக் காட்டை வெட்டாதே என்று பத்திரிகைகள் எழுதிக்கொண்டிருந்த காலம். நல்ல பேச்சுதான். ஆனால் நல்ல பேச்சு எங்கே நடந்தாலும், பின்னாலேயே ஒருவன் உண்டியலைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுகிறானே!

சுவாமியின் உபதேசம் இதுதான். காகிதம், மரத்தைக் கொன்று செய்வது. செத்த மரத்தின் சாபம் நோட்டுப் புத்தகத்தில் தங்கிவிடுகிறது. அதனால்தான் பிள்ளைகள் பரீட்சையில் தோற்கிறார்கள். (தோற்ற பிள்ளைகளுக்கே தெரியாத காரணம்!) பரிகாரம் உண்டு. எழுதிய நோட்டுகளைச் சுவாமியிடம் ஒப்படைக்க வேண்டும். அவர் கதவைச் சாத்திக்கொண்டு ஓமத்தில் எரிப்பார். பிறகு, மரம் சாகாமல் வாழைநாரில் செய்த 'புண்ணிய நோட்டு' வாங்கிக்கொள்ளலாம். சும்மா அல்ல. புண்ணியம் எங்கே சும்மா கிடைக்கிறது?

நிரூபணமும் உண்டு. சுவாமியின் இரு பக்கமும் மூக்கு வைத்த இரண்டு கிண்டிச் செம்புகள். இரண்டிலும் பழுப்புத் தண்ணீர். வலது கிண்டி சாபம் பார்க்க, இடது கிண்டி புண்ணியம் பார்க்க. வலது கிண்டித் தீர்த்தம் கடை நோட்டில் சொட்டும். தாள் கருநீலமாகும். கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொள்ளும். இடது கிண்டித் தீர்த்தம் புண்ணிய நோட்டில் சொட்டும். ஒன்றும் ஆகாது. ஒன்றும் ஆகாததற்கும் கன்னத்தில் போட்டுக்கொள்ளும்.

பக்கத்துக் கிட்டங்கியில் மிளகு புடைக்கும் மாயம்மாளும் அந்தக் கூட்டத்தில் ஒருத்தி. அவள் மகள் காளியம்மைக்கு அடுத்த மாதம் எஸ்.எஸ்.எல்.சி. பரீட்சை. தேறினால் மேலே படிப்பு, தோற்றால் அம்மாவின் பக்கத்தில் இன்னொரு முறம். நோட்டெல்லாம் மலையாளத்தில். மாயம்மாளுக்கு அதில் ஓர் எழுத்துக்கூடத் தெரியாது. சாபம் மட்டும் தெரிந்தது.

"நோட்டை எடு மோளே. இந்த வெள்ளியோட ஓமம் முடிஞ்சிருமாம்."

"அம்மா, ஒரு வருஷம் எழுதினது! எரிச்சுட்டா எதைப் பாத்துப் படிக்க?"

"சாமி புது நோட்டு தருதாரே."

"அதுல ஒண்ணுமே எழுதியிருக்காதே!"

"அதாம்ட்டி சுத்தம்ங்கது."

காளியம்மை அழவில்லை. கோபம்தான் வந்தது. "அது தீர்த்தமில்ல, அயோடின். கஞ்சித் தண்ணியில விட்டு ஸ்கூல்ல காட்டினாங்க, இதே நீலம். தாள்லயும் கஞ்சிப் பசை சேக்குறாங்க."

பக்கத்தில் சாயாவும் கப்பை என்கிற மரவள்ளிக் கிழங்கும் விற்கும் கடை வைத்திருந்த ஒச்சம்மாள் காதைத் தீட்டினாள். "கஞ்சிக்கு ஆகும்னா கப்பைக்கும் ஆகுமாடி?"

"ஆகும் அத்தை. ஆனா ஆறியிருக்கணும், சூட்டுல நீலம் வராது."

"என் கடைக் கப்பை என்னைக்கு சூடா இருந்துச்சு?"

வெள்ளிக்கிழமை மாயம்மாள் நோட்டுக் கட்டோடும் மகளோடும் வரிசையில் நின்றாள். முன்னால் ஒச்சம்மாள், கையில் வெள்ளையாய் வேகவைத்த கப்பைத் தட்டு.

"சாமி, இதுக்கு சாபம் உண்டான்னு பாக்கணும். மரத்துல காய்ச்சதில்ல, மண்ணுல தோண்டினது."

"அன்னத்தைச் சோதிப்பது பாவம், தாயே."

"நேத்து ராத்திரி ரெண்டு பிளேட் வாங்கித் தின்னப்போ பாவமில்லையாக்கும்?"

கூட்டத்தில் சிரிப்பு. சுமைதூக்கும் முப்பிடாதி கத்தினான்: "ஊத்தும் சாமி! சாபம்னா நாங்களும் கப்பை தின்னுறதை நிறுத்திருவோம்லா!"

சுவாமி கண்ணை மூடித் தியானத்தில் இறங்கினார். அந்த நேரத்தில் காளியம்மை வலது கிண்டியை எடுத்துக் கப்பையில் ஊற்றினாள். கப்பை கருநீலமானது. அதே கிண்டியைப் புண்ணிய நோட்டின் மேல் சாய்த்தாள். அதுவும் கருநீலம்! "இது அயோடின், கஞ்சிப் பசை எங்கே இருந்தாலும் நீலமாகும்" என்றாள்.

"பெண் கை பட்டதால் தீட்டு!" சுவாமிக்குத் தியானம் கலைந்துவிட்டது.

"அப்போ நீங்களே ஊத்துங்க."

சுவாமி ஊற்றவில்லை. ஒச்சம்மாள் இடது கிண்டியை முகர்ந்து பார்த்தாள். "எந்தா சாமி, காலையில என் கடையில வாங்கின பாலில்லாத கட்டன் சாயால்லா இது!"

"வாழைநார் நோட்டுக்கு எங்கிருந்துய்யா கஞ்சிப் பசை வந்துச்சு?" என்று முப்பிடாதி பின்கதவைத் தோளால் தள்ளினான். உள்ளே ஓமகுண்டமும் இல்லை, சாம்பலும் இல்லை. ஒரு சிமென்ட் தொட்டி. அதில் ஊர்ப்பிள்ளைகளின் நோட்டுகள் ஊறிக்கொண்டிருந்தன. கொடியில் வரிசையாய்ப் புண்ணியத் தாள்கள் காய்ந்தன.

மீன் விற்கும் மாடத்தி, மகன் பேர் எழுதிய அட்டையைத் தொட்டியில் கண்டாள். எடுத்தாள். ஒரு வருஷப் படிப்பு கூழாய் அவள் விரலிடுக்கில் வழிந்தது. "எரிச்சு சாபம் தீத்தேன்னியேடா பாவி!"

சுவாமியின் சொந்தப் பேர் வெங்கிடாசலம். களமசேரிப் பக்கம் பழைய பேப்பர் தரகு பார்த்தவர். முப்பிடாதியின் கை சட்டைக் கழுத்துக்கு வந்தபோது அவர் சொன்னார்: "மரம் ஒண்ணும் சாகலையே!"

அவர் சொன்னதில் அது ஒன்றுதான் உண்மை. 'பழைய தாள் வாங்கி அரைத்துப் புது நோட்டு செய்கிறோம்' என்று பலகை மாட்டியிருந்தால் மரமும் பிழைத்திருக்கும், அவரும் மரியாதையாய்ப் பிழைத்திருப்பார். ஆனால் அந்தப் பலகைக்குப் படகுத்துறை வரை யார் நிற்பார்கள்?

மாயம்மாள் நோட்டுக் கட்டை மகள் கையில் வைத்தாள். "படி" என்றாள்.

கூட்டம் கலையும்போது ஒருவர் ஒச்சம்மாளிடம் மெல்ல வந்தார். "இடது கிண்டித் தீர்த்தம் வயித்துவலிக்கு நல்லதாமே. கொஞ்சம் கிடைக்குமா?"

தாளை இரண்டாம் முறை பயன்படுத்துவது நல்ல பழக்கம், மக்களே. மூளையை ஒரு முறையாவது பயன்படுத்திப் பாருங்கள்.