பதினான்காவது பிரிவும் தூக்காத கைகளும்

மார்பகப் பெருக்க அறுவைக்கு முன்னும் பின்னும் குடிமக்கள் அறிந்திருக்க வேண்டியவை யாவை என்பதைப் பெய்ரூட்டில் அரசு சார்பாக ஒரு சிறு புத்தகமாக வெளியிடுவது என்று முடிவாகி, அதை எழுதும் பொறுப்பு விதாத் என்ற நாற்பத்தெட்டு வயதுப் பெண்மணியிடம் ஒப்படைக்கப்பட்டது. அவளுக்கு இரண்டு மொழி தெரியும் என்பது ஒரு தகுதி. இருபத்திரண்டு வருஷம் மொன்ட்ரியலில் இருந்துவிட்டுத் திரும்பியவள் என்பது இன்னொன்று. அங்கிருந்து திரும்பி வந்தவள் எதையும் செய்யத் துணிவாள் என்று இயக்குநர் நம்பினார்.

விதாத் இரண்டு மாதம் உட்கார்ந்து இரண்டு மொழி மருத்துவ நூல்களையும் புரட்டினாள். இருபத்தேழு பிரிவுகள் எழுதினாள். அதுவரை இந்த அறுவையைப் பற்றி அவளுக்கு ஒரே ஒரு கருத்துதான் இருந்தது. அதைக் காலைக் காப்பிக்குக் கூடும் பெண்களிடம் ஓயாமல் சொல்லிக்கொண்டும் இருந்தாள். "உடம்பு என்ன வாடகை வீடா, வருஷா வருஷம் வெள்ளையடிக்க?" என்பாள். பெண்கள் பணிவாகக் கேட்டுக்கொள்வார்கள். பிறகு அவளை மேலிருந்து கீழாக ஒரு முறை பார்ப்பார்கள், துக்க வீட்டில் பார்க்கிற மாதிரி. "வெளிநாட்டுல இத்தனை வருஷம் இருந்தும் ஒண்ணும் பண்ணிக்கலையா, ஹபீப்தி?" என்பாள் ஒருத்தி, கொஞ்சலாக. விதாத் சிரித்துவிட்டு வீட்டுக்குப் போய்க் கண்ணாடி முன் நிற்பாள்.

ஒன்பதாவது பிரிவு எழுதிய அன்று, அறுவை நிபுணர் டாக்டர் வஜீஹிடம் தனக்கே ஒரு நாள் குறித்துக்கொண்டாள். ஆபத்துகளை அவளை விட நன்றாகத் தெரிந்தவர் நாட்டிலேயே யாரும் இல்லை. அதனால் தனக்கு ஆபத்து இல்லை என்று அவளுக்குத் தோன்றியது.

குழுவில் நான்கு பேர். தலைவர், இயக்குநர் உஸ்தாத் கமீல். கோடையோ குளிரோ, எப்போதும் தடித்த கோப்பு ஒன்றை மார்போடு அணைத்துக்கொண்டே நடப்பவர். சுற்றுலாத் துறை சார்பில் ரிந்தலா. எழுத்தர் என்ற முறையில் விதாத். அப்புறம் டாக்டர் வஜீஹ். அவர் நிபுணர் என்பதால் வாக்குரிமை கிடையாது. விஷயம் தெரிந்தவர் நடுநிலையாக இருக்க முடியாதே.

எந்தப் பிரிவு நிற்க வேண்டுமானாலும் ஒரு கையாவது உயர வேண்டும். அதுவும் கை முழுவதும் தலைக்கு மேலே, முழங்கை வளையாமல். முன்பு ஓர் உறுப்பினர் காதைச் சொறிந்ததை வாக்கு என்று எண்ணி, குழந்தைகளே இல்லாத ஊரில் பள்ளிக்கூடம் கட்டிவிட்டார்கள். அதற்குப் பிறகு வந்த விதி இது.

"மூணாவது பிரிவு," என்று விதாத் படித்தாள். "அறுவைக்குச் சில வாரம் முன்னாடியே புகைபிடிப்பதை நிறுத்த வேண்டும்."

இயக்குநர் சிகரெட்டை வாயிலிருந்து எடுத்தார். "இது குடிமக்களோட சொந்த விஷயத்துல தலையிடுறது. எடுத்துடுங்க."

"ஆறாவது. மல்லாந்து தூங்க வேண்டும்."

"தூக்கம் நம்ம துறையில வராது. வீட்டு வசதித் துறை கோவிச்சுக்கும்."

"ஒன்பதாவது. உள்ளே வைப்பது ஆயுளுக்கும் வராது. பத்துப் பதினைந்து வருஷத்தில் மாற்ற வேண்டி வரலாம்."

ரிந்தலா மேஜையைத் தட்டினாள். "விருந்தாளி வாசல்ல கால் வைக்கறப்பவே கெடு தேதி சொல்லுவீங்களா, மதாம்? வெளிநாட்டுலேர்ந்து இதுக்காகவே வர்றாங்க!"

"அதை விடுங்க," என்றார் இயக்குநர். "இந்த நாட்டுல எது பத்து வருஷம் தாங்கியிருக்கு? அரசாங்கம் தாங்குதா? மின்சாரம் தாங்குதா? இதை மட்டும் ஏன் தனியா அவமானப்படுத்தணும்?"

டாக்டர் தொண்டையைச் செருமினார். "மருத்துவ ரீதியா பார்த்தா..."

"டாக்டர், உங்களுக்கு வாக்கு இல்ல."

"பேசத்தானே செய்யறேன்?"

"அதைத்தான் சொல்றேன்."

பதினான்காவது பிரிவு வந்தது. விதாத் அதை மட்டும் நிறுத்தி நிதானமாகப் படித்தாள். "அறுவைக்குப் பின் ஆறு வாரம் கைகளைத் தோளுக்கு மேல் தூக்கக் கூடாது. கனமானதைச் சுமக்கக் கூடாது."

அவள் தெருவில் தாலின் என்று ஒரு பெண் முடி அலங்காரக் கடை வைத்திருந்தாள். இருபத்தாறு வயது. காலையில் தூக்கிய கையைக் கடை மூடும்போதுதான் இறக்குவாள். வரும் கோடையில் அவளும் செய்துகொள்ளப் போகிறாள். "ரெண்டு நாள்ல கடை திறந்துடலாம்ல, மதாம்?" என்று கேட்டிருந்தாள். "புத்தகம் வரட்டும். எல்லாம் அதுல இருக்கும்" என்று விதாத் அரசாங்கமே பேசுவது போல் பதில் சொல்லியிருந்தாள்.

"கையைத் தூக்காம இந்த ஊர்ல எப்படிப் பேசுறது?" என்று இயக்குநர் இரண்டு கைகளையும் தூக்கிக் கேட்டார். கோப்பு நழுவியது. பாய்ந்து பிடித்து மறுபடி அணைத்துக்கொண்டார்.

"கோடைன்னா கல்யாண சீசன்," என்றாள் ரிந்தலா. "ஆடக் கூடாதுன்னு சொன்னா எவ வருவா?"

விதாத் முழங்கை வளையாமல் கையைத் தூக்கினாள். அவள் ஒருத்திதான். ஆனால் ஒரு கையே போதும், பிரிவு நின்றது. நடவடிக்கைக் குறிப்பில் ஒட்ட முத்திரை வில்லை ஊரிலேயே கிடைக்காததால் அந்த வாக்கு செல்லவில்லை. மூன்று வாரம் கழித்து மறு வாக்கெடுப்பு என்று கூட்டம் கலைந்தது.

அந்த மூன்று வாரத்தில் விதாத் ஸஹ்லேயில் இருக்கும் தங்கையைப் பார்க்கப் போனாள். அதாவது, போனதாகச் சொன்னாள். மயக்கம் தெளிந்தபோது அவளுக்கு முதலில் நினைவு வந்தது ஆறாவது பிரிவு. குப்புறப் படுத்தே நாற்பத்தெட்டு வருஷம் தூங்கிப் பழகியவளுக்குக் கூரையைப் பார்த்துக்கொண்டு யோசிக்க நிறைய நேரம் கிடைத்தது. தலை கழுவ முடியாமல் தாலினிடம் போனாள். தோள்பட்டையில் சுளுக்கு என்றாள். "பாவம்" என்று தாலின் வெந்நீரைத் திறந்தாள். நாலு நாளைக்கு ஒருமுறை போகலானாள்.

மறு கூட்டத்துக்கு விதாத் முதல் ஆளாகப் போய், கதவை வேறு யாராவது திறக்கட்டும் என்று வெளியே நின்றாள். ரிந்தலா வந்தாள். சைப்ரஸில் விடுமுறையாம். அவளும் கதவைத் திறக்காமல் "உங்களுக்கப்புறம்தான், மதாம்" என்றாள். இயக்குநர் வந்தார். மலையில் ஓய்வெடுத்தாராம். அவர் கையில் கோப்பு இல்லை. இத்தனை நாள் கோப்பு மறைத்திருந்த மார்பில் சட்டை இப்போது தட்டையாகப் படிந்திருந்தது. மூவரும் ஒருவரை ஒருவர் மரியாதை செய்துகொண்டு நின்றார்கள். கடைசியில் டாக்டர் வஜீஹ் வந்து கதவைத் தள்ளினார்.

"பதினான்காவது பிரிவைப் பத்தி நான் ஆழ்ந்து யோசிச்சேன்," என்று இயக்குநர் ஆரம்பித்தார். "அது இருக்கணும். அவசியம் இருக்கணும்."

"கண்டிப்பா," என்றாள் ரிந்தலா. "பெரிய எழுத்துல போடணும். கையைத் தூக்கினா என்ன வலி தெரியுமா? ...வலிக்கும்னு சொல்லிக்கிறாங்க."

"நான் அன்னிக்கே சொன்னேனே!" என்றாள் விதாத். தாலினைப் பற்றிச் சொன்னாள். பேச்சில் கைகளை அசைக்காமலே உருகினாள். இயக்குநர் கண்ணைத் துடைக்கப் போய்ப் பாதியில் விட்டுவிட்டார்.

"நல்லது. பிரிவை ஆதரிக்கிறவங்க கையைத் தூக்கலாம்."



விதாத் தன் வலது கையைப் பார்த்தாள். தூக்கினால் தையல். தூக்க முடியாது என்றால் காரணம் சொல்ல வேண்டும். சொன்னால் நாளைக் காலைக் காப்பிக்குள் ஊரே வெள்ளையடித்த வாடகை வீட்டைப் பார்க்க வரும். தாலின் நினைவுக்கு வந்தாள். கை தோள் வரை போனது. அங்கே நின்று, காதோரம் இல்லாத முடியை ஒதுக்கிவிட்டு இறங்கியது.

"அது கணக்குல வராது," என்றார் இயக்குநர், முழங்கைகளை விலாவோடு ஒட்டிக்கொண்டு.

"நீங்க தூக்குங்களேன், உஸ்தாத்."

"தலைவர் முதல்ல தூக்கினா அது செல்வாக்குச் செலுத்துற மாதிரி ஆயிடும். ரிந்தலா?"

"நான் வாயால ஆதரிக்கிறேன்."

ஆதரித்துப் பேசியவர்கள் மூவர். கை தூக்கியவர் எவருமில்லை. பதினான்காவது பிரிவு ஒருமனதாக நீக்கப்பட்டது. குறிப்பை எழுதியவள் விதாத்.

இனி முத்திரை குத்த வேண்டியதுதான். முத்திரை அலமாரியின் உச்சித் தட்டில் இருந்தது. மூவரும் அதை அண்ணாந்து பார்த்தார்கள், பிறை தேடுகிறவர்கள் போல. "நீங்க எடுங்க." "ஐயோ, நீங்க இருக்கும்போது நானா?" இப்படியே காப்பி ஆறும்வரை போனது.

டாக்டர் வஜீஹ் எழுந்து இரண்டு கைகளையும் நீட்டி முத்திரையை எடுத்து மேஜையில் வைத்தார். மூன்று பேரையும், தான் கட்டிய சுவரைக் கொத்தனார் பார்ப்பது போல், வரிசையாகப் பார்த்தார்.

"எனக்கு வாக்குரிமைதான் இல்ல," என்றார். "கை இருக்கு."

புத்தகம் வெளிவந்தது. இரண்டே பக்கம். அறுவைக்கு முன் மகிழ்ச்சியாக இருக்கவும். அறுவைக்குப் பின்னும் அவ்வாறே இருக்கவும். முத்திரை மட்டும் தெளிவாக விழுந்திருந்தது.

அடுத்த வாரம் விதாத் தாலின் கடையில் தொட்டியில் தலை சாய்த்திருந்தபோது, தாலின் அந்தப் புத்தகத்தை ஈரக் கையால் எடுத்துக் காட்டினாள். "முழுசா படிச்சிட்டேன், மதாம். கையைப் பத்தி ஒண்ணும் இல்ல. திங்கட்கிழமை எனக்கு அறுவை. புதன்கிழமை கடை திறக்குறேன்."

விதாத் கூரையைப் பார்த்தாள். கூரையைப் பார்ப்பதில் இப்போது அவளுக்கு நல்ல பழக்கம்.

"ஆறு வாரம்," என்றாள். "ஆறு வாரம் கையைத் தூக்கக் கூடாது, தாலின்."

"யார் சொன்னா? புத்தகத்துல இல்லையே."

"நான் சொல்றேன். எனக்குச் சுளுக்கு இல்ல. நான்... பண்ணிக்கிட்டேன்."

சொல்லிவிட்டு இடி விழக் காத்திருந்தாள். தாலின் நுரையைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள்.

"ஆறேழு தடவை உங்க தலையைக் கழுவியாச்சே, மதாம். தலை கழுவ முடியாத சுளுக்கு இந்தத் தெருவுல நான் எத்தனை பார்த்திருக்கேன்! எழுதினவங்க வாயால வருதான்னு பார்த்தேன். வந்துடுச்சு. சந்தோஷம்."

விதாத்துக்கு நெஞ்சு லேசானது. இப்படி ஒரு நல்ல காரியம் செய்து எத்தனை நாளாயிற்று! அந்த நிறைவோடு, ஆறு வாரம் கடை மூடினால் தன் தலையை யார் கழுவுவது என்ற எண்ணமும் தானாக வந்தது.

"ஒண்ணு செய்யேன், தாலின். அறுவையை ஒரு மாசம் தள்ளிப் போடேன்."

"எதுக்கு?"

"உன் நல்லதுக்குத்தான்."

"அதான் சரி," என்றது பக்கத்து நாற்காலியில் துவாலைக்குள் இருந்த ரிந்தலாவின் குரல். "அவசரப்படக் கூடாது."

"ஆமாமா," என்றாள் அதற்கடுத்தவள். ஐந்து நாற்காலி, ஐந்து துவாலை, ஐந்திலிருந்தும் தாலினின் நலனில் அக்கறை பொங்கியது.

தாலின் குழாயை மூடினாள். "அப்படியா? தள்ளிப் போடணும்ங்கறவங்க கையைத் தூக்குங்க பார்ப்போம்."

ஐந்து துவாலையிலிருந்தும் ஒரு கைகூட மேலே எழவில்லை.

"நல்லது," என்றாள் தாலின். 'ஆறு வாரம் விடுமுறை' என்று எழுதி வைத்திருந்த அட்டையை எடுத்தாள். கை தலைக்கு மேலே முழுவதும் உயர, முழங்கை வளையாமல், அதைக் கதவின் உச்சி ஆணியில் மாட்டினாள்.