மேலூர் அழகர்சாமியின் வீரன்

"ஆழம் பத்தலையேம்மா," என்றார் அழகர்சாமி, உழுத சாலில் குச்சியை விட்டுப் பார்த்து.

ஷெர்லினுக்குத் தூக்கிவாரிப் போட்டது. தென்னூர் ஷோரூமிலிருந்து 'மயில்' என்கிற புது டிராக்டரைக் காவிரிப் பாலம் தாண்டி, ஸ்ரீரங்கத்தைச் சுற்றி மேலூர் வரை கொண்டுவந்து, வயல் முழுக்க உழுது காட்டிய பிறகு கேட்கிற வார்த்தையா இது?

"ஐயா, இதுவே நல்ல ஆழம்ங்க."

"இருக்கலாம். என் வீரன் இன்னும் ஒரு சாண் உள்ள போகும்."

அவர் காட்டிய திசையில், மாட்டுக் கொட்டகைக்குப் பக்கத்தில் தார்ப்பாய் போர்த்தி நின்றது அவருடைய பழைய 'வீரன்' டிராக்டர். மூக்கு மட்டும் வெளியே தெரிந்தது. அதில் சந்தனம், குங்குமம். அதைச் செய்த கம்பெனியையே மூடிவிட்டார்கள். வீரனின் பெருமை மட்டும் ஊரில் ஓடிக்கொண்டிருந்தது.

ஷோரூம் மேனேஜர் காலையில் சொல்லித்தான் அனுப்பியிருந்தார்: "அழகர்சாமி வாயால நல்ல வார்த்தை வந்துட்டா மேலூரே நம்ம பக்கம். வரலைன்னா நீ பழையபடி ஸ்கூட்டர் விக்கப் போயிடலாம்."

ஷெர்லின் டிரைவர் தைரியராஜிடம் கலப்பையை இன்னும் இறக்கச் சொன்னாள். வயல் மறுபடி உழப்பட்டது. அழகர்சாமி ஒரு பிடி மண்ணை அள்ளினார்.

"ஆழம் சரி. கட்டி உடையலையே. வீரன் மாவா அரைச்சுடும்."

ஷோரூமுக்கு போன் போட்டு, கட்டி உடைக்கும் ரொட்டவேட்டரை வரவழைத்தாள். அதை மாட்டிக்கொண்டிருக்கும்போது போட்டிக் கம்பெனியின் 'கஜா' டிராக்டர் ரொட்டவேட்டரோடு வந்து நின்றது. மேலிருந்து விற்பனையாளர் ஜெபராஜ் சிரித்தான்.

"ஐயா எங்களையும் வரச் சொன்னாருங்க."

ஷெர்லின் அழகர்சாமியைத் திரும்பிப் பார்த்தாள்.

"ரெண்டும் ஒண்ணா ஓடட்டும். அப்பத்தானே வித்தியாசம் தெரியும்?" என்று அழகர்சாமி வரப்பில் உட்கார்ந்தார்.

ஆளுக்குப் பாதி வயலாகப் பிரித்துக்கொண்டார்கள்.

"உங்க மயில் திரும்பறதுக்கே ரெண்டு வயல் வேணும் போலிருக்கே," என்றான் ஜெபராஜ்.

"உங்க கஜா போடற சத்தத்துல உறையூர்ல தூங்கற குழந்தை முழிச்சுக்கும்."

ஜெபராஜுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. டிரைவரை இறக்கிவிட்டுத் தானே ஏறி, எப்படித் திரும்புகிறது பார் என்று ஸ்டியரிங்கை ஒடித்தான். கஜா திரும்பியது. கூடவே வரப்பும் உடைந்தது. வாய்க்கால் தண்ணீர் குபுகுபுவென்று வயலுக்குள் பாய்ந்தது.

பொடிப்பொடியாக உழுத மண் மூழ்கிக்கொண்டிருந்தது. ஷெர்லின் கண்ணுக்குள் ஸ்கூட்டர்கள் வரிசையாக வந்து நின்றன.

அழகர்சாமி கோபப்படவில்லை. அதுதான் இன்னும் பயமாக இருந்தது. தண்ணீர் வயல் முழுக்கப் பரவும்வரை பார்த்துவிட்டு, நிதானமாகச் சொன்னார்.

"வந்த தண்ணி வந்துடுச்சு. சேத்துழவையும் பாத்துடுவோமே. வீரன் அதுல கெட்டிக்காரன்."

மன்னித்துவிட்டாரே என்ற நன்றியில் இரண்டு கம்பெனியும் போட்டி போட்டுக்கொண்டு சேற்றில் இறங்கின. உடைந்த வரப்பை ஜெபராஜ் தன் கையாலேயே மண் அள்ளிப் போட்டு அடைத்தான். "வீரன் பலகை இழுத்தா வயல் கண்ணாடியா நிக்கும்," என்றார் அழகர்சாமி. மட்டப்பலகை கட்டி இழுத்தார்கள். ஷெர்லினின் தலைமுடிவரை சேறு.

மத்தியானம் வயலில் வானம் தெரிந்தது. அழகர்சாமி வரப்பைச் சுற்றி வந்து பெருமூச்சு விட்டார்.

"நல்லாத்தான் இருக்கு. இருந்தாலும் வீரன் வீரன்தான்."

சொல்லிவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார்.

ஷெர்லின் வரப்பில் உட்கார்ந்தாள். பக்கத்தில் ஜெபராஜும் வந்து சரிந்தான். இப்போது அவர்களுக்குள் போட்டி எதுவும் மிச்சமில்லை.

"அப்படி என்னதாங்க இருக்கு அந்த வண்டியில?" என்றான் அழாத குறையாக.

அழகர்சாமியின் மனைவி அனுசுயா சொம்பில் மோர் கொண்டுவந்தார். ஷெர்லின் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, ஒரே ஒரு தடவை அந்த வீரனை ஸ்டார்ட் பண்ணிக் காட்டச் சொல்லுங்களேன். பாத்துட்டுப் போயிடறோம்."

அனுசுயா அவளைப் புரியாமல் பார்த்தார்.

"அதுல ஏதும்மா இன்ஜின்? கழட்டி வித்து எவ்வளவோ காலமாச்சு. வருஷா வருஷம் நடவுக்கு முன்னாடி, உங்கள மாதிரி கம்பெனிக்காரங்கதானே வந்து உழுது குடுத்துட்டுப் போறாங்க?"