உள்ளங்கை வெளிச்சம்

"வெளுத்ததெல்லாம் பால்னு நம்பிடாதீங்க மாப்ளே, கறுத்ததெல்லாம்..." என்று மாமனார் ஆரம்பிப்பார். மிச்சம் அவருக்கே மறந்துபோகும். மாப்பிள்ளைக்கும் அரைகுறை நினைவுதான். ஆனால் மாப்பிள்ளை வாங்கிய கேமராவுக்கு அந்தப் பாடம் அத்துப்படி. அதன் கணக்கில் உலகமே சாம்பல் நிறம். வெள்ளையைக் கண்டால் வெளிச்சம் அதிகமென்று சந்தேகப்பட்டு இருட்டாக்கும். கறுப்பைக் கண்டால் வெளுத்துக் கட்டிவிடும்.

புற்றுநோய் மருந்து முடியைக் கொண்டுபோன நாளிலிருந்து மாப்பிள்ளையின் மனைவி தலையில் வெள்ளைத் துணி. படமென்றால் எழுந்து போய்விடுவாள். திருட்டுத்தனமாக எடுத்தவற்றில் துணி சாம்பல், முகம் கரி. டாக்டர் அவரைத் தனியே கூப்பிட்டு, "இனி மருந்து கேட்காது" என்று சொன்ன பிறகு, ஒரே ஒரு நல்ல படமாவது வேண்டுமென்று தவித்தார். விஷயம் அவளுக்குத் தெரியக் கூடாது. தூரத்தில் இருக்கும் மகளுக்கும் தெரியக் கூடாது.

திட்டம் தயார். அவளை ஜன்னலோரம் உட்காரவைத்தார்.

"உன்னை எடுக்கலை. பக்கத்துல இருக்கிற செடியைத்தான். உள்ளங்கையை மட்டும் காட்டு. அதுல வெளிச்சத்தை அளந்துக்கிட்டா கேமரா ஏமாறாது."

அவள் கையை நீட்டினாள். "ஏங்க, என் கைக்கு ஒரு வெளிச்சம், உங்க கைக்கு ஒரு வெளிச்சமா விழுது?"

"அப்படியில்ல..."

"அப்ப உங்க கையிலயே அளக்கலாமே?"

அவர் கேமராவுக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டு ஏதோ பாட்டை முணுமுணுத்தார்.

"டாக்டர் சொன்னதை மறைச்சு வச்சுக்கிட்டு பாட்டு வேற முணுமுணுக்கிறீங்க. பாட்டே வராத ஆளு."

கேமரா இறங்கியது. "உனக்கு யார் சொன்னது?"

"டாக்டர்தான். முதல்ல என்கிட்டதான் சொன்னார். உங்ககிட்ட பக்குவமா சொல்லச் சொன்னதே நான்தான்."

அவர் செடியைப் பார்த்தார்.

"ஒளியை அளக்கத் தெரியுது. ஒளிக்கத்தான் தெரியலை." அவள் தலைத் துணியை அவிழ்த்து மடியில் வைத்தாள். "இப்ப கேமரா ஏமாறாதுல்ல? எடுங்க. மகளுக்கு அனுப்பத்தானே?"

"ம். முகம் தெளிவா இருக்கிறதைப் பார்த்தா, அம்மாவுக்குத் தேறிடுச்சுன்னு நினைச்சுக்குவா."

"இந்த வீட்ல ஏமாற நீங்க ஒருத்தர் போதும். அவளை விட்டுடுங்க."

படம் அவள் முகம் போலவே வந்தது.

அவர் அதை அனுப்பவில்லை. மகளைக் கூப்பிட்டு, கிளம்பி வரச் சொன்னார்.